காற்றின் இழுப்பும் மனிதனின் எடையும்



தோட்டப்புறத்தில் வாழும் நமக்குச் 'சுமத்ரா' காற்றைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஏப்ரல் முதல் நவம்பர் வரையுள்ள மாதங்களில், பெரும்பாலும் விடிவதற்கு முன், மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து வானம் இருண்டு வரும். மரங்களை உலுக்கி, மழையைக் கொட்டிவிட்டு, ஓரிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். பட்டை நனைந்தால் அன்றைய பால்வெட்டு கெட்டது. நமக்கு அது ஒரு நாள் கூலியின் இழப்பு. ஆனால் பாய் விரித்துக் கடலில் நிற்பவனுக்கு அது உயிர்ப் பிரச்சினை. அப்படிப்பட்ட பலத்த காற்றை மனிதன் எதைக் கொண்டு தாங்கி நின்றான் என்பதே இன்றைய பேச்சு.

பாய்மரப் படகில் காற்று இரண்டு வேலைகளைச் செய்கிறது. படகை முன்னே தள்ளுகிறது. அதே நேரத்தில் அதைப் பக்கவாட்டில் சாய்க்கவும் பார்க்கிறது. காற்று வலுக்க வலுக்கச் சாய்வும் கூடும். சாய்வைத் தடுக்க, காற்று வரும் பக்கத்தில் பாரம் ஏற்ற வேண்டும். கல்லையும் மணலையும் ஏற்றலாம். ஆனால் காற்று திசை மாறினால் கல் தானாக இடம் மாறாது. மனிதன் மாறுவான். ஆகவே, சிறு படகுகளில் மனிதனின் உடலே பாரமாயிற்று.

தமிழகத்துக்கும் இலங்கைக்கும் இடையே உள்ள பாக் நீரிணைக் கரைகளில் 'வத்தை' என்ற பாய்மரப் படகு மீன்பிடித் தொழிலில் இருந்தது. அதன் குறுக்கே ஒரு நீண்ட பலகையைப் போட்டு, காற்றடிக்கும் பக்கமாக வெளியே நீட்டி வைப்பார்கள். காற்று எழும்பியதும் ஆட்கள் அந்தப் பலகையில் ஏறி, கடலுக்கு மேலே போய் உட்காருவார்கள். காற்று தணிந்தால் உள்ளே நகர்ந்து வருவார்கள். சென்னை மாகாண மீன்வளத் துறைக்கு இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகுகளைப் பற்றி 1920இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் இந்தச் சமன் பலகையைக் குறித்து வைத்திருக்கிறார்.

இலங்கையில், ஒரு பக்கத்தில் மிதவைக் கட்டை பூட்டிய பாய்த்தோணி உண்டு. காற்று பலமானால் அந்தக் கட்டையின் பக்கமாக ஆட்கள் ஏறி நிற்பார்கள். அங்கே காற்றின் வேகத்தைச் சொல்லவும் ஆட்களையே கணக்காக வைத்தார்கள். ஒரு ஆள் ஏறினால் போதும் என்றால் 'ஒரு ஆள் காற்று'. இரண்டு பேர் வேண்டுமென்றால் 'இரண்டு ஆள் காற்று'. கருவி எதுவும் இல்லாமல், உழைப்பையே அளவுகோலாக்கிய முறை அது.

இதே வேலையை மேல்நாட்டார் 1938இல் விளையாட்டிலும் செய்து காட்டினார்கள். இங்கிலாந்தில் லோஸ்டாஃப்ட் என்ற ஊரில் நடந்த 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்' கோப்பைப் போட்டியில் பீட்டர் ஸ்காட், ஜான் விண்டர் என்ற இருவர் ஓட்டிய படகு வென்றது. பாய்மரத்தின் மேலிருந்து ஒரு கம்பியைத் தொங்கவிட்டு, அதில் இடுப்புவாரை மாட்டிக்கொண்டு, ஒருவர் படகுக்கு வெளியே முழு உடலையும் நீட்டி நின்றார். இது நியாயமற்ற உதவி என்று கருதி, அந்த வகைப் படகுகளில் அதை உடனே தடை செய்தார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகே அனுமதி கிடைத்தது.

அடுத்து வந்தது பாய்ப்பலகை. விண்ட்சர்ஃபிங் என்பார்கள். நம் நெகிரி செம்பிலானில் போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போகிறவர்கள் இதைப் பார்த்திருக்கலாம். ஒரு மிதக்கும் பலகை. அதன் மேல் எப்பக்கமும் வளையக்கூடிய மூட்டில் நிற்கும் ஒரு பாய்மரம். அமெரிக்காவில் நியூமன் டார்பி 1964இல் பாய்கட்டிய பலகை ஒன்றைச் செய்தார். ஜிம் டிரேக், ஹாயில் ஷ்வைட்சர் ஆகிய இருவர் 1968இல் தங்கள் அமைப்புக்கு உரிமம் கேட்டு விண்ணப்பித்தனர். 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் இது போட்டியாகவே சேர்ந்தது.

பாய்ப்பலகையில் பாயைத் தாங்கக் கயிறு கிடையாது. ஓட்டுபவரின் இரு கைகளே தாங்க வேண்டும். பலத்த காற்றில் சிறிது நேரத்திலேயே முன்கை இறுகி, விரல்கள் மரத்துப்போகும். 1970களின் நடுப்பகுதியில் ஹவாய்த் தீவுகளில் இதற்கு வழி கண்டார்கள். உடம்பில் ஒரு வாரைக் கட்டி, அதன் முன்னால் ஒரு கொக்கி வைத்தார்கள். பாயின் கைப்பிடிக் கழியில் கயிற்று வளையம் கட்டி, கொக்கியை அதில் மாட்டினார்கள். காற்றின் இழுப்பு கையை விட்டு உடம்பின் எடைக்கு மாறியது. கைகளுக்குத் திசை காட்டும் வேலை மட்டும் மிஞ்சியது.

இந்த வாரைக் காற்றுக்கேற்பச் சரிசெய்வது எப்படி? இரு முனையிலும் பால் வாளி தொங்கவிட்டுத் தோளில் சுமக்கும் காண்டாக் கம்பை நினைத்துக்கொள்ளுங்கள். பின்வாளி கனத்தால் தோளைப் பின்னே நகர்த்துவோம். முன்வாளி கனத்தால் முன்னே நகர்த்துவோம். இங்கும் அதே கணக்கு. காற்று வலுக்கும்போது பாயின் இழுப்பு பின்பக்கம் நகரும். பின்கையில் பாரம் கூடும். அப்போது கயிற்று வளையத்தைக் கழியில் சற்றுப் பின்னே தள்ளிக் கட்ட வேண்டும். முன்கையில் பாரம் கூடினால் முன்னே நகர்த்த வேண்டும். கொக்கியை மாட்டிக்கொண்டு இரு கைகளையும் சிறிது தளர்த்திப் பார்க்கையில் பாய் அசையாமல் நின்றால், கயிறு சரியான இடத்தில் இருக்கிறது. வாரும் தளர்ந்திருக்கக் கூடாது. தளர்ந்தால் இழுப்பில் மேலேறி நெஞ்சை அழுத்தும். இடுப்போடு இறுக்கிக் கட்டினால்தான் உடல் எடை முழுவதும் பயன்படும்.

ஆனால் வாரைச் சரிசெய்யுமுன் சிறிய பாய்க்கு மாறுவதே முதல் வேலை. வத்தைக்காரர்களும் காற்று மீறினால் பாயைக் குறைத்தார்களே தவிர, பலகையை மட்டும் நம்பியிருக்கவில்லை. இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. திடீர்க் காற்று வந்தால் கொக்கி மாட்டியிருப்பவரைப் பாய் தன்னோடு தூக்கி எறிந்துவிடும். ஆகவே, கொக்கியை மாட்டக் கற்குமுன் கழற்றக் கற்க வேண்டும். மேற்கே வானம் கறுத்தால் கரைக்குத் திரும்ப வேண்டும். சுமத்ரா காற்றுக்கு எந்த வாரும் ஈடு கொடுக்காது.

நேயர்களே, இந்த வரலாற்றில் ஒன்றைக் கவனியுங்கள். 1938இல் கோப்பை வென்றவர்களின் பெயர்கள் நமக்குத் தெரிகின்றன. உரிமம் கேட்டவர்களின் பெயர்களும் தெரிகின்றன. இங்கிலாந்தில் பீட்டர் சில்வர்ஸ் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன் 1958இலேயே பாய்ப்பலகை செய்து ஓட்டியதற்குச் சான்று கிடைத்தது. அதை ஏற்று, அந்நாட்டு நீதிமன்றம் அமெரிக்கர்களின் உரிமம் அங்கே செல்லாது என்று தீர்ப்பளித்தது. சான்று இருந்ததால் ஒரு சிறுவனின் கைவேலைக்கும் மதிப்புக் கிடைத்தது.

பாக் நீரிணையில் பலகையேறிக் காற்றைத் தாங்கிய மீனவர்களின் பெயர்களோ ஏட்டில் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இயந்திரப் படகுகள் பெருகின. பாய்ப் படகுகள் அருகின. ஹார்னெல் எழுதி வைத்திராவிட்டால் அந்தப் பலகையைப் பற்றி நம்மில் பலர் அறிந்திருக்கவே மாட்டோம்.

நம் தோட்டங்களிலும் பால்மரம் நின்ற பல இடங்களில் இன்று செம்பனை நிற்கிறது. காண்டாக் கம்பைத் தோளில் வைத்து, சிந்தாமல் மேடு பள்ளம் கடந்த கணக்கு, அதைச் செய்த பெரியவர்களிடம் மட்டுமே இருக்கிறது. கம்பு எந்த மரத்தில் வெட்டியது, நீளம் எத்தனை முழம், மேட்டில் ஏறும்போது தோளை எப்படி மாற்றினார்கள் என்பதையெல்லாம், பிள்ளைகளே, உங்கள் தாத்தா பாட்டியிடம் இந்த வாரமே கேளுங்கள். கேட்டதைத் தேதி போட்டு, அவர்கள் பெயரோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.