ஆயனை இழந்த மந்தை

கொழும்பு மாநகரின் வடபாலுள்ள கொட்டாஞ்சேனையிலே புனித லூசியா பேராலயத்தின் பெரிய கும்மட்டம் தொலைவிலிருந்தே கண்ணுக்குப் புலப்படும். அதற்கு அணித்தாக, ஒல்லாந்தர் கட்டிய வொல்வெண்டால் தேவாலயம் தடித்த சுவர்களோடு நிற்கின்றது. ஒரு கோயிலிலிருந்து மற்றக் கோயிலுக்குச் சிறிது நேரத்தில் நடந்து சென்றுவிடலாம். ஆயினும், ஒன்றைச் சார்ந்தோர் இயற்றிய சட்டம் மற்றொன்றைச் சார்ந்தோர் ஒருங்கு கூடி வழிபடுவதையே குற்றமாக்கியிருந்த காலம் ஒன்று இந்நகருக்கு இருந்தது. அக்காலத்திலே தம்முடைய ஞானத் தந்தையை இழந்த ஒரு சமூகம் எவ்வாறு துக்கங் காத்தது, எவ்வாறு தன் மக்களைச் சிதறாமற் பேணிக்கொண்டது என்பது இலங்கைச் சரித்திரத்தில் அறியத்தக்க ஒரு பகுதியாகும்.

1656 ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் கொழும்பைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். இரண்டு ஆண்டுகளின் பின் யாழ்ப்பாணமும் அவர்கள் வசமாயிற்று. கத்தோலிக்க சமயத்தைப் போர்த்துக்கேயரின் அரசியற் கருவி என்றே புதிய ஆட்சியாளர் கருதினர். குருமார் நாட்டைவிட்டு அகற்றப்பட்டனர். 1658 ஆம் ஆண்டிற் பிறந்த கட்டளையொன்று, கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலங் கொடுப்போருக்கு மரணதண்டனை விதித்தது. பழைய கோயில்கள் சீர்திருத்தச் சபையின் வழிபாட்டிடங்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாற்றப்பட்டன.

இக்கட்டளையினும் நுட்பமாக மக்களைப் பிணித்தது பாடசாலைத் தோம்பு எனப்படும் பதிவேடு. பிறந்த பிள்ளைக்கு ஞானஸ்நானமும், வளர்ந்தோருக்கு விவாகமும் ஒல்லாந்த தேவாலயத்தின் வாயிலாக நிகழ்ந்து அத்தோம்பிற் பதியப்பட்டாலன்றி, முதுசொத்து உரிமைக்கும் அரசாங்க உத்தியோகத்துக்கும் இடையூறு நேரும். ஆதலால் கத்தோலிக்கர் பலர் பகலிலே அங்கு சென்று பெயரைப் பதிந்துகொண்டு, இரவிலே வீட்டுக் கதவைச் சாத்திச் செபமாலை சொல்லி வந்தனர். இவ்வாறு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழிந்தன. குருவானவரின் முகத்தையே காணாத ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்துவிட்டது.

இந்நிலையில் 1687 ஆம் ஆண்டு கோவாவிலிருந்து யோசேவ் வாஸ் அடிகளார் என்னும் இந்தியக் குரு, யோவான் என்னும் பணியாளன் ஒருவனை மாத்திரம் துணையாகக் கொண்டு இலங்கைக்கு வந்து சேர்ந்தார். 1651 ஆம் ஆண்டிற் பிறந்த அவர் கொங்கணி பேசும் கத்தோலிக்கக் குடும்பத்தினர். கோவாவிலிருந்த ஒரத்தோரியன் சபையைச் சேர்ந்தவர். குருவின் உடையில் வந்தால் அன்றே பிடிபடுவார் என்பதால், ஏழைக் கூலியாளின் கந்தையை உடுத்திருந்தார். யாழ்ப்பாணத்திலே கழுத்திற் செபமாலையைத் தரித்துக்கொண்டு வீடுதோறும் பிச்சை கேட்டுத் திரிந்தார். அந்த மாலையைக் கண்டு எவர் முகம் மலர்கின்றதோ, அவரே கத்தோலிக்கர் என அறிந்துகொள்வார்.

சில்லாலையை நிலைக்களமாகக் கொண்டு அவர் யாழ்ப்பாணப் பகுதியிற் பணியாற்றினார். ஒல்லாந்தரின் தேடுதல் கடுமையானபோது, கண்டி மன்னரின் ஆணைக்குட்பட்டிருந்த புத்தளத்துக்குச் சென்றார். 1692 ஆம் ஆண்டு கண்டி நகரை அடைந்தபோது, போர்த்துக்கேய ஒற்றன் என்னும் சந்தேகத்தின் பேரிற் சிறைவைக்கப்பட்டார். நாளடைவில் அவருடைய ஒழுக்கத்தை உணர்ந்த இரண்டாம் விமலதர்மசூரிய மன்னர் அவருக்குத் தம் இராச்சியத்திற் பணிசெய்யும் சுதந்திரத்தை அளித்தார். புத்த சமயத்தைப் பேணிய அம்மன்னரின் நிழலிலேதான் கத்தோலிக்கத் திருச்சபை இலங்கையில் மறுபடியும் மூச்சுவிட்டது. கண்டியிலிருந்து அடிகளார் ஒல்லாந்தரின் கொழும்புக்குள்ளும் மாறுவேடத்தில் நுழைந்து, இரவிலே இல்லங்களிற் பூசை நிறைவேற்றி மீள்வதுண்டு.

1697 ஆம் ஆண்டிலே கண்டி நகரில் வைசூரி நோய் பரவியது. செல்வரும் அதிகாரிகளும் நகரைவிட்டு நீங்கினர். நோய் கண்டவரைச் சொந்த வீட்டாரே காட்டில் விட்டுச் சென்ற கொடுமையும் நிகழ்ந்தது. அப்போது அடிகளாரும் அவருடைய மருகரான யோசேவ் கார்வாலியோ அடிகளாரும் நகரிலேயே தங்கினர். கைவிடப்பட்டோரை ஓரிடத்திற் சேர்த்து, கஞ்சி ஊட்டி, புண்களைக் கழுவி, இறந்தோரை அடக்கஞ் செய்தனர். நோயாளி கத்தோலிக்கரா, பௌத்தரா என்று அவர்கள் வினாவவில்லை. அரசவையிலும் பொதுமக்களிடத்தும் இத்தொண்டு பெற்றுக்கொடுத்த நன்மதிப்பை வேறெந்தப் பிரசங்கமும் பெற்றுக்கொடுத்திராது.

எனினும், அவர் செய்த ஏற்பாடுகளுள் மிக நீண்ட பயன் தந்தது மற்றொன்று. தீவெங்கும் சிதறியிருந்த மக்களுக்கு ஒரு குருவோ, பின்னர் கோவாவிலிருந்து வந்து சேர்ந்த சில குருமாரோ போதியவரல்லர். ஓரூருக்கு ஆண்டில் ஒருமுறை செல்வதே அரிது. ஆகவே ஒவ்வோர் ஊரிலும் பொதுநிலை மக்களுள் நம்பிக்கைக்குரியோரைத் தெரிந்து பொறுப்புகளைப் பகிர்ந்தளித்தார். கோயிலையும் அதன் உடைமைகளையும் பேணுபவர் மூப்பர். செபங்களை முன்னின்று சொல்பவரும் சிறுவருக்கு ஞானோபதேசம் கற்பிப்பவரும் அண்ணாவியார். சாவை அண்டிய குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதும், மரணப் படுக்கையில் இருப்போருக்கு அருகிருந்து செபிப்பதும், இறந்தோரைச் செபத்தோடு அடக்கஞ் செய்வதும், குரு இல்லாத நாள்களில் இத்தகையோரின் கடமையாயின. குருவானவர் வரும் செய்தியை ஓரூரிலிருந்து அடுத்த ஊருக்கு இரகசியமாகக் கொண்டுசென்றவர்களும் இவர்களே.

இருபத்துநான்கு ஆண்டுகள் இவ்வாறு உழைத்த அடிகளார் ஒருமுறையேனும் தாயகம் திரும்பவில்லை. நெடிய நடைப் பயணங்களும் பட்டினியும் அவர் உடலை நலித்தன. இறுதி மாதங்களில் நோயுற்று மெலிந்திருந்த அவர், 1711 ஆம் ஆண்டு சனவரி மாதம் 16 ஆந் தேதி கண்டி நகரிலே, அறுபது வயது நிரம்புமுன் உயிர் நீத்தார். வாழ்நாள் முழுவதும் செய்யத் தவறியதை மரண வேளையிற் செய்துமுடிப்பது எளிதன்று என்னும் கருத்தையே அருகிருந்தோருக்கு இறுதியாகக் கூறினார் என்பது சரித்திரகாரர் வாக்கு.

கண்டியிலே மக்கள் வெளிப்படையாக அழ முடிந்தது. கொழும்பிலோ அதற்கும் இடமில்லை. மணியடிக்கவும், கறுப்புத் துணி கட்டவும், இறந்தவரின் ஆன்ம இளைப்பாற்றிக்காகப் பகிரங்கமாகப் பூசை நடத்தவும் ஒல்லாந்தரின் சட்டம் இசையாது. துக்கமும் செபமாலையைப் போலவே கதவடைத்த வீட்டுக்குள் அடங்க வேண்டியதாயிற்று. அச்சமயத்தில் எழுந்த கேள்வி, இறந்தவரை எவ்வாறு கௌரவிப்பது என்பது மாத்திரமன்று. அவர் ஒருவரையே நம்பி ஒன்றுசேர்ந்த இம்மக்கள் அவரில்லாமல் நிலைப்பரோ என்பதுமாகும்.

அவருக்குப் பின்வந்தோருள் முதன்மையானவர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். இவரும் கோவாவைச் சேர்ந்தவர். 1705 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தவர். சிங்களத்தையும் தமிழையும் ஆழ்ந்து கற்று, இரு மொழிகளிலும் நூல்கள் இயற்றினார், அகராதிகளையும் தொகுத்தார். ஒல்லாந்தர் 1737 ஆம் ஆண்டிற் கொழும்பில் அச்சுக்கூடம் நிறுவித் தம் சமய நூல்களை அச்சிடலாயினர். கத்தோலிக்கருக்கு அவ்வசதி இல்லை. கொன்சால்வெஸ் அடிகளாரின் நூல்கள் கையெழுத்துப் பிரதிகளாகவே ஊரூராகப் பரவின.

அவர் தமிழில் அளித்தவற்றுள் வியாகுலப் பிரசங்கம் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. கிறிஸ்து நாதரின் பாடுகளையும் மரணத்தையும் நினைந்து தபசு காலத்தில் வாசித்தற்கென அமைந்த நூல் அது. நம் நாட்டிலே இழவு வீட்டில் ஒருத்தி ஒப்பாரி தொடங்க மற்றவர்கள் சேர்ந்து அழுவது தொன்றுதொட்ட வழக்கம். அந்த மரபுக்கு இயைந்ததாகவே, ஒருவர் இராகத்தோடு வாசிக்க ஊர் முழுவதும் கேட்டு உருகும் இந்த வழிபாடு வேரூன்றியது. இதை நடத்துவதற்குக் குருவானவர் வேண்டுவதில்லை. குரலும் எழுத்தறிவும் உடைய ஓர் அண்ணாவியார் போதும். தனித்தனி வீடுகளிற் புழுங்கிய துயரத்துக்கு ஒரு பொது மொழி இதனாற் கிடைத்தது. ஆண்டுதோறும் தபசு காலத்திற் கூடியழும் மக்கள், அக்கூட்டத்திற் காணாதவர் எவர், நோயுற்றவர் எவர், வறுமையால் ஒதுங்கியவர் எவர் என்பதையும் அறிந்துகொள்ள வாய்ப்புண்டாயிற்று.

1742 ஆம் ஆண்டிலே கொன்சால்வெஸ் அடிகளாரும் போலவத்தையில் மறைந்தார். அதன்பின் சிறிது காலத்துக்குள் கண்டி அரசின் ஆதரவும் நீங்கியது; குருமார் அந்த இராச்சியத்திலிருந்து வெளியேற்றப்பட்டனர். மலைநாட்டிற் புகலிடமுமில்லை, கரையோரத்திற் சட்டமும் துணையில்லை என்னும் நிலை. ஆயினும், 1658 ஆம் ஆண்டுக்குப் பின் நேர்ந்த திகைப்பு இம்முறை நேரவில்லை. அப்போது குருமார் அகன்றவுடன் மக்கள் வழிகாட்டுவாரின்றி நின்றனர். இப்போதோ ஊர்தோறும் மூப்பரும் அண்ணாவியாரும் இருந்தனர். வாசிக்க நூல்கள் இருந்தன. கூடுவதற்குரிய காலமும் முறையும் யாவருக்கும் தெரிந்திருந்தன.

அதன் பயன் கொழும்பிலேயே வெளிப்பட்டது. வொல்வெண்டால் தேவாலயத்தின் கட்டட வேலை 1749 ஆம் ஆண்டு ஆரம்பமாகி, 1757 ஆம் ஆண்டில் அது வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. ஒல்லாந்தரின் சமய மேலாண்மைக்கு அடையாளமாக அது எழுந்த சில ஆண்டுகளுக்குள், 1760 ஆம் ஆண்டளவில், ஒரத்தோரியன் குருமார் கொட்டாஞ்சேனையில் புனித லூசியாவின் பெயரால் ஒரு சிறு கோயிலை அமைத்தனர். சட்டம் ஏட்டில் இருந்தது. அதை முழுமையாக நிறைவேற்றுதல் ஆட்சியாளருக்கு இயலாததாயிற்று. பின்னர் ஆங்கிலேயர் ஆட்சியிலே, தேசாதிபதி சேர் தோமஸ் மெயிற்லண்ட் காலத்தில், 1806 ஆம் ஆண்டு கத்தோலிக்கருக்கு எதிரான பழைய தடைச் சட்டங்கள் நீக்கப்பட்டன.

அதே கொட்டாஞ்சேனை வேறொரு துக்கத்தையும் கண்டது. கொழும்பின் முதலாவது அதிமேற்றிராணியார் கிறிஸ்தோப் பொன்ஜீன் ஆண்டகை பிரான்சு தேசத்திற் பிறந்தவர். கோயம்புத்தூரிலும் யாழ்ப்பாணத்திலும் நெடுங்காலம் தமிழ் மக்களிடையே உழைத்தவர். 1883 ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று கொட்டாஞ்சேனையில் பௌத்தருக்கும் கத்தோலிக்கருக்கும் இடையே கலகம் மூண்டது. அவ்வாண்டிலேயே அவர் கொழும்புக்கு மாற்றம் பெற்று, புண்பட்டிருந்த ஒரு மக்களின் பொறுப்பை ஏற்றார். 1892 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 3 ஆந் தேதி அவர் காலமானபோது, பேராலயத்தின் கட்டட வேலை முற்றுப்பெற்றிருக்கவில்லை. ஆனால் அவருக்காகக் கொழும்பு மக்கள் கதவடைத்து அழ வேண்டியிருக்கவில்லை. அவர் பெரிதும் விரும்பிய உயர்தரக் கல்லூரி, புனித சூசையப்பர் கல்லூரி என்னும் பெயரால், நான்கு ஆண்டுகளின் பின் கொழும்பில் ஆரம்பமாயிற்று. இறந்தவரின் விருப்பத்தை இருப்போர் நிறைவேற்றுதலும் துக்கங் காக்கும் முறைகளுள் ஒன்றே.

யோசேவ் வாஸ் அடிகளாரின் கல்லறை இருந்த இடம் இன்று எவருக்கும் தெரியாது. ஆனால் ஒருகாலத்தில் அவர் மாறுவேடத்தில் ஒளிந்து புகுந்த கொழும்பிலேயே, காலிமுகத் திடலிலே, 1995 ஆம் ஆண்டு சனவரி 21 ஆந் தேதி பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 2015 ஆம் ஆண்டு சனவரி 14 ஆந் தேதி அதே திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை, கொலன்னாவை முதலிய பகுதிகளில் வாழும் கத்தோலிக்கருக்குச் சனவரி 16 அவருடைய நினைவு நாளாகும்.

அவர் விட்டுச்சென்ற ஏற்பாடு பழங்கதையாகிவிடவில்லை என்பதற்கு அண்மைக் காலச் சான்றும் உண்டு. 2019 ஆம் ஆண்டு ஏப்பிரல் 21 ஆந் தேதி, உயிர்த்த ஞாயிறன்று, கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலமும், நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆகிய இடங்களிலிருந்த தேவாலயங்களும், கொழும்பின் விடுதிகளும் குண்டுத் தாக்குதலுக்கு இலக்காயின. இருநூற்றறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பாதுகாப்புக் கருதிக் கோயில்கள் மூடப்பட்டன. அடுத்த ஞாயிறு அதிமேற்றிராணியார் தம் இல்லச் சிற்றாலயத்தில் நிறைவேற்றிய பூசையை மக்கள் வீடுகளிலிருந்து தொலைக்காட்சி வாயிலாகவே கண்டனர். ஒல்லாந்தர் காலத்தைப் போன்று வீடே மறுபடியும் கோயிலாயிற்று. பிள்ளைகளை இழந்த பெற்றோருக்கும், பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கும் பங்கு மக்களும் அயலவரும் துணைநின்றனர். அவ்வாண்டு யூன் மாதம் 12 ஆந் தேதி கொச்சிக்கடைத் திருத்தலம் மீண்டும் அபிஷேகஞ் செய்யப்பட்டது.

ஒரு சமூகத்தின் தலைவர் மறைந்தால், அவர் பெயரால் மண்டபமும் சிலையும் எழுப்புதல் உலக வழக்கு. 1711 ஆம் ஆண்டிலே கொழும்புக் கத்தோலிக்கருக்கு அதற்கு உரிமையுமில்லை, பொருளுமில்லை. இறந்தவர் கற்றுக்கொடுத்த கடமைகளை மறுநாளும் தவறாது செய்வது ஒன்றே அவர்களுக்கு இயன்றது. மூப்பர் கோயிலைக் கூட்டினார். அண்ணாவியார் சிறுவருக்குச் செபம் சொல்லிக்கொடுத்தார். அயலார் நோயாளிக்குக் கஞ்சி கொண்டுபோயினர். கொட்டாஞ்சேனையின் கும்மட்டத்துக்கு அடித்தளம் அந்த நாள்களிலேயே இடப்பட்டது எனலாம்.