65 மைக்ரான்: தமனிப் படிவுச் சிதைவின் கணித மாதிரிகளில் ஓர் எண்ணின் வரலாறு

தமனிச் சுவரில் திரளும் கொழுப்புப் படிவு எந்நிலையில் உறுதி இழக்கிறது என்பதைக் கணிக்கும் ஆய்வுகளில் 65 மைக்ரான் என்னும் எண் திரும்பத் திரும்ப இடம்பெறுகிறது. இது மில்லிமீட்டரில் ஏறத்தாழ 15இல் ஒரு பங்கு. படிவின் உள்ளிருக்கும் கொழுப்புக் குழம்பை இரத்த ஓட்டத்திலிருந்து பிரிக்கும் நாரிழை மூடி இவ்வளவினும் மெலிந்தால் கிழியும் இடர் மிகும் என்பர். மூடி கிழிந்தால் குழம்பு இரத்தத்தைத் தொடும், இரத்தம் உறையும், மாரடைப்பு நேரும். இவ்வெண் கணக்கில் பிறந்ததன்று, பிணக்கூறாய்வில் பிறந்தது. அப்பிறப்பை மறந்து அதனைப் பொதுவிதியாகக் கையாள்வது பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் வினா.

தமனி எவ்வளவு குறுகியுள்ளதோ அவ்வளவு இடர் என்பதே நெடுங்காலம் நிலவிய கருத்து. 1988இல் ஆம்ப்ரோஸ் குழுவினரும் லிட்டில் குழுவினரும் தனித்தனியே வெளியிட்ட ஆய்வுகள் இதனை அசைத்தன. மாரடைப்புக்கு உள்ளானோரின் முந்தைய இரத்தக்குழாய்ப் படங்களை ஒப்பிட்டபோது, பெரிதும் குறுகாதிருந்த இடங்களிலேயே பல அடைப்புகள் நேர்ந்திருந்தமை தெரிந்தது. ஆய்வாளர் கவனம் குருதியோட்டத்திலிருந்து சுவரின் வலிமைக்குத் திரும்பியது.

இத்திருப்பத்திற்கு உதவியது லாப்லாசின் பழைய விதி. மெல்லிய உருளைச் சுவரின் தகைவு, அழுத்தத்தையும் ஆரத்தையும் பெருக்கித் தடிப்பால் வகுத்தால் கிடைக்கும். ஆரம் குறைந்தால் தகைவும் குறையும். அதாவது, மிகக் குறுகிய தமனியில் மூடியின் மீதான இழுவிசை குறைவு. 1988இன் வியப்புக்கு இவ்வெளிய வகுத்தலே பாதி விடை. 1989இல் ரிச்சர்ட்சன், டேவிஸ், பார்ன் ஆகியோர் படிவின் குறுக்குவெட்டைக் கணினியில் ஆராய்ந்து, மூடியின் விளிம்புகளில் தகைவு குவிவதைக் காட்டினர். 1992இல் லோரி, காம், லீ முதலியோர் மூடி மெலிய மெலியத் தகைவு ஏறுவதையும், குறுகல் மிகும்போது அது இறங்குவதையும் கணக்கிட்டனர். 1993இல் செங் குழுவினர் கிழிந்த 12 படிவுகளை ஆராய்ந்தபோது, அவற்றுள் 7 மட்டுமே தகைவு உச்சமான இடத்தில் கிழிந்திருந்தன. எஞ்சிய 5 பேசப்பட்டது குறைவு. என் நோக்கில் மாதிரியின் எல்லையைக் காட்டுபவை அவையே.

65 என்னும் எண் 1997இல் வந்தது. பர்க், ஃபார்ப், விர்மானி முதலியோர் திடீரென இறந்த 113 அமெரிக்க ஆண்களின் இதயங்களை ஆய்ந்தனர். கிழிந்த 41 படிவுகளில் மூடியின் சராசரித் தடிப்பு 23 மைக்ரான். 95 விழுக்காடு 65க்குக் கீழ். 2000இல் தில்லியில் மருத்துவம் பயின்ற ரேணு விர்மானியும் உடன்பணியாளரும் வகுத்த படிவு வகைப்பாட்டில் மெல்லிய மூடிப் படிவு தனிவகையாயிற்று. 65 அதன் வரையறை ஆயிற்று. இங்கே ஒரு தருக்க வழுவுக்கு இடமுண்டு. கிழிந்த மூடிகள் மெலிந்திருந்தன என்பது ஒன்று. மெலிந்த மூடிகள் கிழியும் என்பது வேறு. மேலும், பதப்படுத்திய திசு சுருங்கும். உயிருள்ள தமனியின் அளவு அதுவன்று.

2006இல் நியூயார்க் நகரக் கல்லூரியின் வெய்ன்பாம் குழுவினர் மூடியினுள் புதைந்த சுண்ண நுண்துகள்களைக் கணக்கில் சேர்த்தனர். 300 கிலோபாஸ்கல் தகைவு துகளைச் சுற்றி ஏறத்தாழ 600 ஆகிறது. விளிம்பல்லாத இடங்களில் நேரும் கிழிசலுக்கு இது ஒரு விளக்கம். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1973இல் பட்டம் பெற்ற கே. ஆர். ராஜகோபால், ஹம்ஃப்ரியுடன் 2002இல் முன்வைத்த கலவைக் கோட்பாடு வேறொரு வழியைத் திறந்தது: சுவரின் ஒவ்வொரு கூறும் தனக்கேயுரிய வேகத்தில் அழிந்து புதுப்பிக்கப்படுகிறது. முன்னைய மாதிரிகள் படிவின் ஒரு கணத்தைக் கண்டன. இக்கோட்பாடு அதன் காலத்தைக் கணக்கிற்குள் கொணர்கிறது.

தமிழகத்திற்கு இது புறம்பான செய்தியன்று. 2007இல் வெளியான இன்டர்ஹார்ட் பகுப்பாய்வின்படி தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு நேரும் சராசரி வயது 53, பிறநாட்டினருக்கு 58.8. புளியங்குடியைச் சேர்ந்த ஒருவருக்கு எடுக்கப்படும் இரத்தக்குழாய்ப் படம் குறுகலையே காட்டும், மூடியின் தடிப்பைக் காட்டாது. அதனை அளக்க 10 முதல் 20 மைக்ரான் வரை பிரித்தறியும் ஒளியியல் உட்படக் கருவி வேண்டும். வி. மோகன் குழுவினர் சென்னை நகர்ப்புற மக்களிடம் கழுத்துத் தமனிச் சுவரின் தடிப்பை மீயொலியால் அளந்து 2000இல் வெளியிட்டனர். எனினும் அது சுவரின் உள்ளடுக்கும் நடுவடுக்கும் சேர்ந்த தடிப்பு, மூடியின் தடிப்பன்று. ஐந்தாண்டு முந்தி நோயுறும் ஓர் உடலின் தமனிக்கு, வேறொரு மக்கட்கூட்டத்தின் இறந்தோரிடம் அளந்த எல்லையைப் பொருத்துமுன், கழுத்துத் தமனி அறுவையில் அகற்றப்படும் படிவுகளை இழுவிசைச் சோதனைக்கு உட்படுத்தி, அவற்றின் வலிமையை இங்கேயே அளக்க வேண்டும்.