பதினோராம் மணி ஊழியர்
முதியோர்க்குத் துணையிருத்தல்: ஒரு திருச்சபை வரலாற்று நோக்கு

முன்னுரை

முதியோரைப் பற்றித் திருச்சபை பேசும்போதெல்லாம், அவர்களை உதவி பெறுவோராகவே எண்ணிப் பேசுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. முதியோர் ஞாயிறு ஆசரிக்கிறோம், அவர்களுக்குப் பரிசளிக்கிறோம், முதியோர் இல்லங்களுக்குக் காணிக்கை அனுப்புகிறோம். இவை யாவும் நற்செயல்களே. ஆயினும், வாழ்வின் பிற்பகுதியை அடைந்த ஒருவர் தம்மினும் மூத்த ஒருவரோடு உடனிருந்து, அவருக்கு உண்டி கொடுத்து, உடல் கழுவி, இரவில் விழித்திருந்து, பேச்சுத்துணையாகவும் வாழ்வது ஓர் அழைப்பாகுமா? அதனைத் திருச்சபையின் திருப்பணி என்று கூறத் தகுமா? இவ்வினாவை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோர் பத்துக் கோடிக்கு மேற்பட்டிருந்தனர். தமிழ்நாட்டில் அவர்கள் மக்கட்தொகையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கினர். பிள்ளைகள் அயலூர்களிலும் அயல்நாடுகளிலும் வாழ, பெற்றோர் தனித்திருக்கும் இல்லங்கள் நம் சபைகளில் பல. அவ்வில்லங்களில் தங்கிப் பணிவிடை செய்வோருள் நாற்பது, ஐம்பது வயதைக் கடந்த பெண்களும் கைம்பெண்களும் உள்ளனர். ஆகவே நாம் ஆராயவிருப்பது பழங்கதையன்று. ஆயர்களாகிய நம் வாசற்படியில் நிற்கும் வினாவாகும்.

1. நிருபத்தில் காணும் பெயர்ப்பட்டியல்

தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதலாம் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம் இவ்வாராய்ச்சிக்குத் தொடக்கமாக அமைகின்றது. அறுபது வயதுக்குக் குறையாத விதவைகளே பட்டியலில் சேர்க்கப்பட வேண்டும் என்று அங்கே விதிக்கப்படுகின்றது. இப்பட்டியல் உதவி பெறுவோரின் பட்டியலா, அன்றி ஊழியம் செய்வோரின் பட்டியலா என்பது குறித்து வேத அறிஞரிடையே நெடுங்காலமாகக் கருத்து வேற்றுமை உண்டு. வறுமை மட்டுமே அளவுகோலாயின், அந்நியரை உபசரித்தல், பரிசுத்தவான்களின் கால்களைக் கழுவுதல், துன்புற்றோர்க்கு உதவுதல் முதலான தகுதிகளைக் கேட்கவேண்டிய தேவையில்லை. பத்தாம் வசனம் இவற்றையே கேட்கின்றது. எனவே உதவியும் ஊழியமும் பிரிக்கவொண்ணாதபடி அப்பட்டியலில் இணைந்திருந்தன எனக் கொள்வதே பொருத்தமாகும்.

பதினாறாம் வசனமும் நம் கவனத்துக்குரியது. நாம் பெரிதும் வாசித்துவரும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு, விசுவாசியாகிய ஆணோ பெண்ணோ தம்மிடத்தில் விதவைகளை வைத்திருந்தால் என்ற பொருளைத் தருகின்றது. ஆனால் தொன்மைமிக்க கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் விசுவாசியாகிய பெண் மட்டுமே குறிக்கப்படுகின்றாள். அதாவது, தன் வீட்டில் விதவைகளை வைத்துப் பராமரித்த பெண்கள் அச்சபையில் இருந்தனர். நிருபத்தை எழுதியவர் அவர்களை அறிந்திருந்தார். யோப்பா பட்டணத்துத் தபீத்தாளைச் சூழ்ந்து நின்ற விதவைகளை ஈண்டு நினைவுகூரலாம்.

மூன்றாம் வசனத்தில் விதவைகளைக் கனம்பண்ணுமாறு கட்டளை பிறக்கின்றது. பதினேழாம் வசனத்தில் மூப்பருக்கு இரட்டிப்பான கனம் கூறப்படுகின்றது. அடுத்த வசனமோ வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரன் என்னும் கருத்தை எடுத்துரைக்கின்றது. கனம் என்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்கு விலை, ஊதியம் என்ற பொருளும் உண்டு. மரியாதையும் பிழைப்பும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பதைப் பின்னர் மீண்டும் காண்போம்.

2. ஆதிச் சபையில் விதவையர்

ரோமச் சபையின் கண்காணியான கொர்நேலியு ஏறத்தாழ 251ஆம் ஆண்டில் எழுதிய கடிதமொன்றை வரலாற்றாசிரியர் யூசேபியு பாதுகாத்துத் தந்துள்ளார். அச்சபையில் மூப்பர் 46 பேரும் உதவிக்காரர் 7 பேரும் இருந்தனர் என்றும், சபை ஆதரித்த விதவைகளும் எளியோரும் 1500க்கு மேற்பட்டிருந்தனர் என்றும் அதனால் அறிகிறோம். இத்துணைப் பேரை ஏழு உதவிக்காரர் மட்டுமே பராமரித்திருக்க இயலாது. எளியோர் பலர் எளியோராலேயே தாங்கப்பட்டிருத்தல் வேண்டும்.

மூன்றாம் நூற்றாண்டில் சிரியாவில் தோன்றிய 'டிடஸ்காலியா' என்னும் சபை ஒழுங்கு நூல் விதவையரின் வயது வரம்பை ஐம்பதாகக் குறைக்கின்றது. அவர்கள் நோயுற்றோரிடம் சென்று மன்றாடவேண்டும் என்று எதிர்பார்க்கின்றது. அதே நூல், பெண் உதவிக்காரர் நோயாளிப் பெண்களைச் சந்தித்து, வேண்டிய பணிவிடை செய்து, பிணி நீங்கிவருவோரைக் குளிப்பாட்டவேண்டும் என்றும் கூறுகின்றது. ஏறத்தாழ 300ஆம் ஆண்டளவில் எழுந்த மற்றொரு ஒழுங்கு நூலாகிய 'அப்போஸ்தலத் திருச்சபை ஒழுங்கு' இன்னும் தெளிவாகப் பேசுகின்றது. சபைதோறும் மூன்று விதவையர் நியமிக்கப்படவேண்டும். இருவர் ஜெபத்தில் தரித்திருக்க, ஒருவர் நோயுற்ற பெண்களுக்குத் துணையிருக்கவேண்டும் என்பது அதன் ஏற்பாடு. ஜெபமும் பணிவிடையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கப்பட்டன. நோயுற்றவளின் படுக்கையருகே அமர்வது சபையால் நியமிக்கப்பட்ட பணியாயிற்று.

பின்னர் இந்நிலை மாறிற்று. துறவறம் தழைக்கவே, விதவையர் குழு படிப்படியாக மறைந்தது. கீழைத் திருச்சபையில் முதியோர்க்கெனத் தனி விடுதிகள் எழுந்தன. ஆறாம் நூற்றாண்டில் யுஸ்தீனியன் பேரரசரின் சட்டங்கள் அவற்றைக் குறிப்பிடுகின்றன. விடுதிகளால் விளைந்த நன்மை பெரிது. ஆயினும், வயது முதிர்ந்தவரே வயது முதிர்ந்தவர்க்கு ஊழியம் செய்யலாம் என்னும் எண்ணம் திருச்சபையின் நினைவினின்று மங்கிற்று.

3. சீர்திருத்தமும் கைசர்ஸ்வெர்த்தும்

சீர்திருத்தவாதிகளுள் இவ்வெண்ணத்தைத் திரும்ப எடுத்தவர் கால்வின். உதவிக்காரர் ஊழியத்தை அவர் இரு கூறாகப் பகுத்தார். தர்மப் பொருளை நிர்வகிப்போர் ஒரு சாரார். ஏழைகளையும் நோயாளிகளையும் நேரில் பராமரிப்போர் மறு சாரார். நிருபத்தில் காணும் விதவையரை அவர் இரண்டாம் சாராரோடு சேர்த்தார். 1541ஆம் ஆண்டு ஜெனீவாவின் சபை ஒழுங்கு, நோயாளிகளோடு உழைக்கவியலாத முதியோரையும் பொது விடுதியின் பராமரிப்பில் வைத்தது. எனினும் விதவையர் குழு அங்கே மீண்டும் தோன்றவில்லை. கொள்கை ஏட்டில் நின்றது.

1836ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் என்னும் சிற்றூரில் ஆயர் தியோடர் ஃப்ளீட்னரும் அவர் துணைவியாரும் பெண் உதவிக்காரர் இல்லத்தைத் தொடங்கினர். அவ்வாண்டு அக்டோபரில் அங்கு வந்து சேர்ந்த முதல் ஊழியர் கெர்ட்ரூட் ரைக்கார்ட் அம்மையார். அப்போது அவருக்கு வயது 48. மருத்துவராகிய தந்தைக்கு உதவியாயிருந்து நோயாளிகளைக் கவனிக்கப் பழகியவர் அவர். பின்னர் அவ்வியக்கம் பெரும்பாலும் இளம்பெண்களைக் கொண்டே வளர்ந்தது. 1851இல் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அங்கே பயிற்சி பெற்றார். இருந்தும், அதன் முதற்கல்லாக அமைந்தவர் நடுவயதைக் கடந்த ஒரு பெண்மணி என்பது மறக்கத்தக்கதன்று. அவ்வில்லத்தார் கூலி பெறவில்லை. ஆனால் நோயிலும் முதுமையிலும் அவர்களைக் கைவிடுவதில்லை என்று தாயில்லம் உறுதி கூறியிருந்தது.

4. ழான் ஜுகான்

அதே காலத்தில் பிரான்சு நாட்டின் பிரித்தானி மாநிலத்தில் நிகழ்ந்த மற்றொரு வரலாறு நம் பொருளோடு இன்னும் நெருங்கியது. ரோமன் கத்தோலிக்க மரபைச் சார்ந்ததாயினும், அதனை நாம் நன்றியோடு கற்கலாம்.

ழான் ஜுகான் 1792இல் கான்கால் என்னும் கடற்கரையூரில் ஒரு மீனவக் குடும்பத்தில் பிறந்தார். அவர் சிறு குழந்தையாயிருக்கையில் கடலுக்குச் சென்ற தந்தை திரும்பவில்லை. இளமையில் ஒரு செல்வர் மாளிகையில் சமையற்பணி செய்தார், திருமணத்தை மறுத்தார், 1817இல் சேன் செர்வான் நகரையடைந்து மருத்துவமனையொன்றில் சில ஆண்டுகள் உழைத்தார். உடல் தளர்ந்தபின், தம்மினும் மூத்தவரான லெகோக் அம்மையாரின் வீட்டில் பணிப்பெண்ணாக அமர்ந்தார். ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள் அவ்விருவரும் ஒருங்கே வாழ்ந்தனர். ஒன்றாக ஜெபித்தனர், சிறுவர்க்கு வேதபாடம் கற்பித்தனர், ஏழைகளைச் சந்தித்தனர். எசமாட்டியும் பணிப்பெண்ணுமாகத் தொடங்கிய உறவு தோழமையாக மலர்ந்தது. 1835இல் லெகோக் அம்மையார் இறக்கும்வரை ழான் அவர் அருகே இருந்தார். கூலிக்குச் செய்த இத்துணைப்பணியே அவருடைய இறையியல் கல்லூரி எனலாம்.

பின்னர் எழுபதைக் கடந்த பிரான்சுவாஸ் ஒபேர் என்பவரோடு சேர்ந்து ஒரு சிறு குடியிருப்பை வாடகைக்கு எடுத்தார். பெற்றோரை இழந்த விர்ஜினி என்னும் இளம்பெண்ணும் அவர்களோடு சேர்ந்தாள். நூல் நூற்றும் துணி வெளுத்தும் பிழைத்தனர். 1839ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், பார்வையிழந்து உடலின் ஒரு பாகம் செயலற்றுப்போன ஆன் ஷோவான் என்னும் முதியவரை ழான் தம் இல்லத்துக்குக் கொணர்ந்து, தம் படுக்கையை அவருக்குக் கொடுத்தார். அப்போது அவருக்கு வயது 47. 1841இல் பெரிய வீடொன்றும், 1842இல் பழைய கன்னியர் மடமொன்றும் தேவைப்பட்டன. அங்கு வந்த முதியோருள் பிச்சையெடுத்துப் பிழைத்தவர் பலர். அவர்களைத் தெருவுக்கு அனுப்பாமல், அவர்கள் வழக்கமாகச் செல்லும் வீடுகளைக் கேட்டறிந்து, அவர்களுடைய கூடையைத் தாமே ஏந்திச் சென்றார் ழான். 1845இல் பிரெஞ்சுக் கல்விக்கழகம் 3000 பிராங்கு கொண்ட மோந்தியோன் பரிசை அவருக்கு வழங்கிற்று.

இனி வருவது துயரமான பகுதி. 1843 டிசம்பரில் அவருடைய தோழியர் அவரையே மீண்டும் தலைவியாகத் தேர்ந்தெடுத்தனர். சில நாட்களுக்குள் குருவானவர் லெ பாயேர் அத்தேர்தலைத் தள்ளுபடி செய்து, 23 வயதான மரி ழாமேயைத் தலைவியாக்கினார். ழான் எதிர்த்துப் பேசாமல் பிச்சைக் கூடையோடு ஊரூராகச் சென்றார். புதிய இல்லங்கள் எழுந்தன. 1852இல் அவர் தாயில்லத்துக்குத் திருப்பியழைக்கப்பட்டு, வெளித்தொடர்புகள் யாவும் விலக்கப்பட்டவராய், இருபத்தேழு ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்தார். குருவானவர் தம்மையே நிறுவனர் என்று எழுதுவித்தார். புதிதாக வந்த இளம் சகோதரிகள், தங்களோடு வாழ்ந்த அம்மூதாட்டியே தங்கள் சபையைத் தொடங்கியவர் என்பதை அறியவில்லை. 1879இல் தம் 86ஆம் வயதில் அவர் இறந்தபோது 'ஏழைகளின் சிறிய சகோதரிகள்' ஏறத்தாழ 2400 பேர் இருந்தனர். 1890இல், ரோமையின் விசாரணைக்குப் பிறகே லெ பாயேர் பொறுப்பினின்று நீக்கப்பட்டார். உண்மை மெல்ல வெளிவந்தது. 1882இலேயே அச்சகோதரிகள் கல்கத்தாவுக்கு வந்து நம் நாட்டில் பணியைத் தொடங்கியிருந்தனர். 2009இல் ரோமன் கத்தோலிக்கத் திருச்சபை ழான் ஜுகானைப் புனிதர் வரிசையில் சேர்த்தது.

5. வரலாறு கற்பிப்பவை

முதலாவது, பிற்பகலில் வரும் அழைப்பு அரைகுறையான அழைப்பன்று. திராட்சத்தோட்ட உவமையில் பதினோராம் மணி வேளையில் அழைக்கப்பட்டவரும் தோட்டத்து வேலையாட்களே. ரைக்கார்ட் அம்மையாரும் ழான் ஜுகானும் முன்பு செய்த பணிகள் வீண்போகவில்லை. தந்தையின் நோயாளிகளிடமும் எசமாட்டியின் படுக்கையருகிலும் கற்றதே பின்னர் பலருக்குப் பயன்பட்டது. நம் இறையியல் கல்வி இளைஞரை முன்னிறுத்தியே அமைந்துள்ளது. ஐம்பது வயதில் அழைப்பை உணரும் ஒரு கைம்பெண்ணுக்கு நாம் என்ன பயிற்சி வைத்திருக்கிறோம்?

இரண்டாவது, துணையிருத்தல் என்பது உடலுழைப்பு மட்டுமன்று. இல்லங்கள் கட்டுவதற்கு நிதி திரட்டலாம். ஒருவரோடு அமர்ந்திருத்தலை நிதியால் வாங்கவியலாது. ழான் தம் வீட்டை விரிவாக்குமுன் தம் படுக்கையைக் கொடுத்தார். அவ்வரிசை மாறக்கூடாது.

மூன்றாவது, எச்சரிக்கை. இப்பணியைத் தியாகம் என்று புகழ்ந்துவிட்டு, செய்பவரை மறைத்துவிடுவது எளிது. திருச்சபை அதை ஒருமுறை செய்ததன் சாட்சியே ழானின் வரலாறு. இன்று நம் விசுவாசிகளின் இல்லங்களில் உடனுறைந்து பணிவிடை செய்யும் பெண்களுக்கு வார ஓய்வுண்டா? நியாயமான ஊதியமுண்டா? அவர்களே முதுமையடையும்போது யார் துணை? கனம் என்னும் சொல்லில் ஊதியமும் அடங்கும் என்று முன்னர்க் கண்டோம். இவர்களைக் கூலி கொடாமல் ஊழியக்காரர் என்றழைப்பது வேதத்துக்கு ஒவ்வாது. கைசர்ஸ்வெர்த் கூலி கொடுக்காதபோது முதுமைக்குப் பொறுப்பேற்றது. நாம் கூலியையும் குறைத்து, பொறுப்பையும் ஏற்காதிருத்தல் தகுமோ?

முடிவுரை

சபைதோறும் செய்யத்தக்கவை சில உண்டு. சேகரத்தில் தனித்திருக்கும் முதியோரின் பெயர்களோடு, அவர்களுக்குத் துணையிருப்போரின் பெயர்களையும் ஆயர் குறித்துவைக்கலாம். இருவரையும் சேர்த்தே சந்திக்கலாம். ஞாயிறு ஆராதனைக்கு வரவியலாத அப்பணிவிடையாளருக்கும் அவ்வீட்டிலேயே திருவிருந்து அளிக்கலாம். நோயாளியைப் புரட்டிப்போடும் முறை, படுக்கைப்புண் வராமல் காக்கும் முறை, மருந்து கொடுக்கும் ஒழுங்கு ஆகியவற்றை நம் மருத்துவமனைச் செவிலியர் சில நாட்களில் கற்பித்துவிடக் கூடும். மாதத்தில் ஒரு நாளேனும் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் முறைவைத்து அவர்களை விடுவித்து ஓய்வளிக்கலாம். பயிற்சி பெற்றவரைச் சபை நடுவே நிறுத்தி, ஜெபித்து அனுப்புவதும் தகும்.

பழைய ஒழுங்கு நூல் சபைக்கு மூன்று விதவையரைக் கேட்டது. அவருள் ஒருவரை நோயுற்றவளின் படுக்கையருகே நிறுத்திற்று. நம் சேகரத்தில் அவ்விடத்தில் இன்று ஒருவர் இருக்கக்கூடும். அவர் பெயரை ஆயர் அறிவாரா?