கரிக்குச்சி மரச்சித்திரம்

19ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் செழித்த நிலக்காட்சி வரைவு முறை. பிரெஞ்சில் ‘ஃப்யூசேன்’ எனப்படும். கரிக்குச்சி சுட்டெடுக்கப்படும் சிறுமரத்தின் பெயரும் அதுவே. ஓகுஸ்த் அலோன்ழே (1833–1898) இதில் பேர்பெற்றவர். அவருக்கு முன்பே, ஃபோந்தேன்புளோ காட்டோரம் பார்பிசோன் கிராமத்தில் வாழ்ந்த தியோடோர் ரூசோ (1812–1867), ஓக் மரங்களை மனித முகங்களைப்போல ஒவ்வொன்றாகக் கூர்ந்து வரைந்தார். அவற்றை வெட்டுவதையும் எதிர்த்தார். 1861இல் அக்காட்டில் 1,097 எக்டேர் கலைக்கென ஒதுக்கிக் காக்கப்பட்டது.

இச்சித்திரத்தில் இலையைத் தேடக் கூடாது. நிழல் திரளைப் பார்க்க வேண்டும். ஓவியர் கரியைப் பூசி, விரலால் தேய்த்து, பாணின் உட்பகுதியை உருட்டி ஒற்றி எடுப்பார். கரி நீங்கிய இடத்தில் தாளின் வெண்மையே கிளையிடை வெளிச்சமாகிவிடும். மட்டக்களப்பு வாவிக்கரையில் விடியலில் நின்றவர்களுக்கு இது பழகிய காட்சிதான்: கண்டல் மரங்கள் முதலில் ஒரே கருந்திரள், வெளிச்சம் ஏற ஏறத்தான் வேர்கள் தனித்தனியே பிரிந்து, நீரில் தம் நிழலோடு சேரும். அந்தக் கணத்தைப் பிடிக்க வண்ணத்தைவிடக் கரியே ஏற்றது.

கரி உதிரும் தன்மையது. ஆகவே மதுசாரத்தில் கரைத்த அரக்கைத் தாளின் பின்புறம் தடவி நிலைநிறுத்தினர்.