கெட்டி முதலிகள்

கெட்டி முதலிகள் என்போர் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் இன்றைய சேலம் மாவட்டத்தின் மேற்குப் பகுதியையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் ஆண்ட குறுநில மன்னர்கள் ஆவர். இளம்பிள்ளைக்கு வடக்கே சுமார் 10 கி.மீ. தொலைவிலுள்ள தாரமங்கலமும், அதை அடுத்த அமரகுந்தியும் இவர்களது தலைமையிடங்களாக இருந்தன.

ஆட்சி

விசுவநாத நாயக்கர் காலத்தில் மதுரை அரசு பல பாளையங்களாகப் பிரிக்கப்பட்டது. கெட்டி முதலிகள் மதுரை நாயக்கர்களுக்கு அடங்கிய பாளையக்காரர்களாக விளங்கினர். இவர்களது நிலம் மதுரை அரசின் வட எல்லையில், மைசூரை நோக்கி அமைந்திருந்தது. அதனால் எல்லைக் காவல் இவர்களின் முதன்மைப் பொறுப்பாயிற்று. ஓமலூரில் இவர்களுக்குக் கோட்டை இருந்தது. வசிட்ட நதிக்கரையிலுள்ள ஆத்தூர்க் கோட்டையையும் இம்மரபினரே கட்டியதாகக் கூறப்படுகிறது.

தாரமங்கலம் கோயில்

முன்பே இருந்த கைலாசநாதர் கோயிலை இவர்கள் பெரிதாக விரித்துக் கட்டினர். மும்முடிக் கெட்டி முதலி தொடங்கிய திருப்பணியைச் சீயாழி கெட்டி முதலி தொடர்ந்தார். வணங்காமுடிக் கெட்டி முதலி அதை நிறைவு செய்தார். இராசகோபுரத்தின் அடிப்பகுதி, விலங்குகள் இழுத்துச் செல்லும் தேர்போல அமைந்துள்ளது. இரதியின் சிலை அருகே நின்றால் மன்மதன் தெரிவான். மன்மதன் அருகே நின்றால் இரதி தெரியாள். இராமன் மறைந்து நின்று வாலி மீது அம்பு எய்யும் காட்சியும் இதே முறையில் தூண்களில் செதுக்கப்பட்டுள்ளது. கல் சங்கிலியும், சிங்கத்தின் வாயில் உருளும் கல் உருண்டையும் இங்குள்ள சிற்பிகளின் திறனைக் காட்டுகின்றன. பவானி சங்கமேசுவரர் கோயிலிலும் இவர்களது திருப்பணிகள் உண்டு.

வீழ்ச்சி

எல்லையில் இருந்ததே இவர்களது வலிமை. அழிவுக்கும் அதுவே காரணமாயிற்று. மைசூர் மன்னர் கண்டீரவ நரசராச உடையார் (1638–1659) இவர்களது ஊர்கள் சிலவற்றைக் கைப்பற்றினார். 1667இல் தொட்ட தேவராச உடையார் ஈரோட்டையும் ஓமலூரையும் வென்றார். மதுரை அரசும் தளர்ந்திருந்ததால், இழந்த நிலத்தை மீட்கத் துணை கிடைக்கவில்லை. பின்னர் ஐதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரிடம் இருந்த சேலம் பகுதி, 1792 சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி ஆங்கிலேயரிடம் சென்றது.

மரபு

தோற்ற அரசர்களின் வரலாறு பெரும்பாலும் வென்றவர்களின் ஏட்டிலேயே எஞ்சுகிறது. மெக்சிகோவில் அசுடெக்குகளின் தலைநகர் தெனோச்சித்லான் 1521இல் எசுப்பானியரிடம் வீழ்ந்தது. அவர்களது பெருங்கோயில் இடிக்கப்பட்டது. அங்கிருந்த கற்கள் புதிய கட்டடங்களுக்குப் பயன்பட்டன. ஓவிய ஏடுகளில் பெரும்பாலானவை எரிக்கப்பட்டன.

கெட்டி முதலிகளின் படையெடுப்புச் செய்திகளும் மைசூர் தரப்பிலிருந்தே மிகுதியாகக் கிடைக்கின்றன. ஆனால் இவர்கள் எழுப்பிய கோயில் இடிக்கப்படவில்லை. இன்றும் வழிபாட்டில் உள்ளது. அதன் கல்வெட்டுகளும் சிற்பங்களும் இவர்களது ஆட்சியைப் பற்றி இவர்கள் தரப்பிலிருந்தே கிடைக்கும் சான்றுகளாகும். சேலம் வட்டார வரலாற்றைப் படிக்கும் மாணவர்கள் வெற்றி பெற்றவர்களின் குறிப்புகளோடு இக்கல்வெட்டுகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது தேவையாகிறது.