ஜனதா வாட்ச்சும் புது டயலும்

ஈஜிபுராவிலிருந்து வடக்கே சுமார் 20 கிலோமீட்டர் போனால் ஜாலஹள்ளி. தெற்கே ஓசூர் ரோட்டைப் பிடித்தால் 35 கிலோமீட்டரில் ஓசூர். நம்ம அப்பா, சித்தப்பா கையில் கட்டியிருந்த வாட்ச்களின் கதை பெரும்பாலும் இந்த ரெண்டு ஊருக்குள்ளேயே முடிஞ்சிடும்.

சுதந்திரம் வந்த சமயத்தில் நல்ல வாட்ச் என்றால் ஸ்விஸ்தான். ஃபாவ்ர் லூபா, வெஸ்ட் எண்ட் எல்லாம் அந்தக் கால கௌரவம். அப்புறம் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு, இறக்குமதிக் கட்டுப்பாடு. "ஃபாரின் வாட்ச்" கடத்தல் சரக்காயிடுச்சு.

1953-ல் பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி, கடைசல் இயந்திரம் மாதிரியான இயந்திரங்கள் செய்யத்தான் வந்தது. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து இங்கே வாட்ச் தொழிற்சாலை அமைத்தார்கள். முதல் தொகுதியை வெளியிட்டவர் நேரு. அங்கே செய்ததில் ஊரெல்லாம் பரவியது ஜனதா. பேரே சொல்லுதே, மக்கள் வாட்ச்!

டயலில் "17 ஜுவல்ஸ்" என்று போட்டிருக்கும். பிரித்து விற்றால் காசு வரும் என்று நம்பியவர்களும் உண்டு :-) அது செயற்கை ரூபிக்கல். சக்கரங்களின் அச்சு தேயாமல் சுற்றத்தான் அந்தக் கல். பக்கத்திலேயே இருக்கும் "பாரா ஷாக்", கீழே விழுந்தாலும் பேலன்ஸ் அச்சு உடையாமல் காக்கும் சிட்டிசன் ஏற்பாடு. தினம் ஒரு தடவை சாவி கொடுத்தால் போதும், பேட்டரி கிடையாது. முதல் சம்பளம், கல்யாணம், ரிடையர்மெண்ட் என்று நம்ம வீடுகளில் நாள் குறித்துத் தந்த பொருள் இது.

அதுக்கு வேட்டு வைத்தது ஓசூர். 1984-ல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டன் கம்பெனியைத் தொடங்கினார்கள். டாடா இண்டஸ்ட்ரீஸ், தமிழ்நாடு இரண்டையும் சேர்த்த பேர்தான் "டைட்டன்". (நம்ம ஊர்ப்பேர் பாதி ஒளிஞ்சிருக்கு, எத்தனை பேருக்குத் தெரியும்?) குவார்ட்ஸ் கல் நொடிக்கு 32,768 தடவை அதிரும். சாவி வாட்ச் அஞ்சு, ஆறு தடவை டிக் அடிக்கிறதுக்குள்ளே! நேரம் காட்டுவதில் போட்டியே இல்லை. எச்.எம்.டியும் குவார்ட்ஸ் செய்தது, ஆனால் அழகிலும் விற்பனையிலும் பின்தங்கியது. 2016 ஜனவரியில் வாட்ச் பிரிவை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துவிட்டது.

மூடினதும்தான் மவுசு வந்தது. சேகரிப்பவர்கள் தேட ஆரம்பித்தார்கள், அதோடு ஒரு வியாபாரமும் வளர்ந்தது. பழைய டயலைச் சுரண்டி, பளபளன்னு புது பெயிண்ட் அடித்து விற்கிறது. தொழிற்சாலை கனவிலும் நினைக்காத ஆரஞ்சு, பச்சை, மூவர்ணக் கொடி எல்லாம் வரும். வெளிநாட்டு சேகரிப்பாளர்கள் இதுக்கு "மும்பை ஸ்பெஷல்" என்றே கேலிப்பேர் வைத்திருக்கிறார்கள். கண்டுபிடிக்க லென்ஸ் போதும். எழுத்தின் ஓரம் பிசிறடிக்கும், நிமிஷக்கோடுகள் தடிமனாக, சீரில்லாமல் இருக்கும், 6 மணிக்குக் கீழே உள்ள பொடி எழுத்து காணாமல் போயிருக்கும். அறுபது வருஷ வாட்ச் புதுசு மாதிரி மின்னினாலே சந்தேகப்படுங்க.

நான் இதை எழுதக் காரணமே, விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் அப்பாவின் வாட்ச்சை எடுத்துவந்து "சரி பண்ணிக் கொடுங்க" என்று மொத்தமாகக் கொடுத்துவிடுகிறார்கள். எண்ணெய் வற்றின மெஷினைச் சரிபண்ணலாம், கீறின கண்ணாடியை மாற்றலாம். டயலைச் சுரண்டினால் அவர் பார்த்த முகம் போயிடும், விலையும் போயிடும். இன்னொன்று: 1960-களுக்கு முந்தைய "ரேடியம்" வாட்ச் இருந்தால், இப்போ இருட்டில் ஒளிராவிட்டாலும் அது ரேடியம்தான். நீங்களே திறக்காதீங்க, குழந்தைகளிடம் கொடுக்காதீங்க.

இங்கே கடையில் கொடுக்கும்போது கன்னடத்தில் இப்படிச் சொல்லுங்க: "டயல் முட்டபேடி, மெஷின் மாத்ர சர்வீஸ் மாடி." ஈஜிபுரா என்றால் பாதிக் கடையில் தமிழிலேயே சொல்லிடலாம்.