பாடல் தந்த விடுதலையும் சாலை சொன்ன உண்மையும்

நெடுஞ்சாலையில் கார் ஓட்டிச் செல்கிறோம். வானொலியில் நமக்குப் பிடித்த பாடல் ஒலிக்கிறது. நம்மை அறியாமலேயே கால் வேகத்தைக் கூட்டுகிறது. மனத்திலிருந்த கவலை சற்றே விலகுகிறது. இந்த அனுபவம் நம் எல்லாருக்கும் உண்டு. திரைப்படம் இதை எவ்வாறு பயன்படுத்திக்கொண்டது என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

1955இல் 'பிளாக்போர்டு ஜங்கிள்' படத்தின் தொடக்கத்தில் 'ராக் அரவுண்ட் தி கிளாக்' ஒலித்தது. ராக் இசை அப்போதே ஹாலிவுட்டுக்குள் வந்துவிட்டது. ஆனால், ஒரு பயணப் படத்தின் மூச்சாகவே அது அமைந்தது 1969இல் வெளிவந்த 'ஈஸி ரைடர்' படத்தில்தான்.

டென்னிஸ் ஹாப்பர் இயக்கி, பீட்டர் ஃபோண்டா தயாரித்த படம் அது. இருவருமே அதன் நாயகர்கள். போதைப்பொருள் விற்ற பணத்தோடு இரு இளைஞர்கள் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் நகரத் திருவிழாவுக்கு மோட்டார் சைக்கிளில் புறப்படுகிறார்கள். கதை அவ்வளவுதான். வியட்னாம் போர் அமெரிக்காவைப் பிளவுபடுத்தியிருந்த காலம். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு ஓராண்டுதான் ஆகியிருந்தது.

அக்காலத்தில் ஒரு படத்திற்கென்றே வாத்தியக் குழுவை வைத்துப் பின்னணி இசை அமைப்பதே பெருவழக்கு. இங்கோ, படத்தொகுப்பாளர் டான் கேம்பர்ன் தம்மிடமிருந்த இசைத்தட்டுகளைக் காட்சிகளோடு ஓட்டிப் பார்த்தார். தற்காலிகமாகச் சேர்த்த அந்தப் பாடல்களில் பல படத்திலேயே நிலைத்துவிட்டன. ஸ்டெப்பன்வுல்ஃப், பேர்ட்ஸ், ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் என அன்றைய இளைஞர்கள் நன்கறிந்த குரல்கள் அவை. வண்டி ஓடும் காட்சிகளில் நாயகர்கள் அதிகம் பேசுவதில்லை. அவர்கள் மனத்தில் இருப்பதைப் பாடலே சொல்லிவிடுகிறது.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இப்படம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது 'பார்ன் டு பி வைல்ட்' பாடல்தான். கைக்கடிகாரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு நாயகன் புறப்படும்போது அது ஒலிக்கிறது. ஆனால், படத்தில் முதலில் வருவது அதுவன்று. போதைப்பொருள் விற்பவனைச் சபிக்கும் 'தி புஷர்' பாடல். அது ஒலிக்கும்போது நாயகன் என்ன செய்கிறான்? போதைப்பொருள் விற்ற பணத்தைத் தன் வண்டியின் பெட்ரோல் தொட்டிக்குள் ஒளித்துக்கொண்டிருக்கிறான்! அந்தத் தொட்டியில் தீட்டியிருப்பதோ அமெரிக்கக் கொடி. ஆக, விடுதலைப் பாட்டுக்கு முன்பே குற்றச்சாட்டு வந்துவிடுகிறது.

கொடுமை நிகழும் இடங்களிலோ பாட்டே இல்லை. வழியில் சேர்ந்த நண்பன் இரவில் அடித்துக் கொல்லப்படுகிறான். இறுதியில் சிறிய லாரியில் வந்தவர்கள் இருவரையும் துப்பாக்கியால் சுடுகிறார்கள். அதன் பிறகே, எரியும் வண்டியை விட்டுக் கேமரா வானில் உயரும்போது, ரோஜர் மெக்குவின் மெல்லப் பாடுகிறார். அதே கிட்டார், அதே சாலை. மனநிலை மட்டும் தலைகீழாகிவிட்டது.

ஏறத்தாழ 4 லட்சம் டாலரில் எடுத்த இப்படம் பல கோடி டாலர் ஈட்டியது. 1969 கான் திரைப்பட விழாவில் சிறந்த முதல் படத்திற்கான விருதையும் பெற்றது. அதன்பின் பயணப் படங்கள் பெருகின. 1971இல் வந்த 'டூ-லேன் பிளாக்டாப்' வேறு வழியில் சென்றது. ஜேம்ஸ் டெய்லர், டென்னிஸ் வில்சன் என்ற இரு பாடகர்களை நாயகர்களாக்கி, ஒரு பாட்டுக்கூடப் பாடவிடவில்லை. இயந்திர ஓசையே அங்கு மேலோங்கி நின்றது; வெறுமை இன்னும் கூடியது.

இன்றும் 'பார்ன் டு பி வைல்ட்' விடுதலையின் கீதமாகவே ஒலிக்கிறது. அதற்கு முன் வந்த குற்றச்சாட்டையும் பின் வந்த மௌனத்தையும் நாம் மறந்துவிடுகிறோம். அடுத்த முறை அப்பாடலைக் கேட்கும்போது, படத்தையும் ஒருமுறை முழுமையாகப் பாருங்கள். பாட்டு தரும் உற்சாகம் உண்மைதான். அந்தச் சாலை எங்கே போய் முடிந்தது என்பதும் உண்மைதான்.